ஹருத்யூன்: பெயராகவும் சொல்லாகவும் வாழும் ஓர் ஆர்மேனியப் பெயர்

ஆர்மேனியக் குடும்பம் ஒன்றில் தாய் தன் மகனை "ஹருத்யூன்" என்று கூப்பிடும்போது, பொருளளவில் "உயிர்த்தெழுதல்" என்றே கூப்பிடுகிறார். அகராதியைப் புரட்டியோ அறிஞர்களைக் கேட்டோ பொருள் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் அன்று அது. தேவாலயத்தில் வாசிக்கப்படும் நற்செய்தியிலும், ஈஸ்டர் நாளில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் வாழ்த்திலும் அதே சொல் இன்றும் வழங்குகிறது. பெயராகவும் சொல்லாகவும் ஒரே சமயத்தில் உயிரோடிருப்பதுதான் இந்த ஆண்பெயரின் தனிச்சிறப்பு என்று நான் கருதுகிறேன். ஆர்மேனியப் பெயர்களைப் பற்றி முதன்முதலாக அறிய விரும்புவோர் இந்தப் பெயரிலிருந்து தொடங்கலாம் என்று சொல்வதற்கும் அதுவே காரணம்.

முதலில் சொல் எவ்வாறு அமைந்திருக்கிறது என்று பார்ப்போம். ஆர்மேனிய மொழியில் "-உத்யூன்" என்றொரு விகுதி உண்டு. பெயரடையோடும் வினையடியோடும் சேர்ந்து, கண்ணால் காண முடியாத ஒரு தன்மையையோ செயலையோ குறிக்கும் பெயர்ச்சொல்லை அது உண்டாக்கும். "அசாத்" என்றால் சுதந்திரமான என்று பொருள். "அசாத்துத்யூன்" என்றால் சுதந்திரம். "பரெகாம்" நண்பர், "பரெகாமுத்யூன்" நட்பு. ஆர்மேனியாவுக்குச் செல்லும் எந்தப் பயணியும் நாக்குப் புரளாமல் தடுமாறும் முதல் நீண்ட சொல்லான "ஷ்னோர்ஹகாலுத்யூன்" என்னும் நன்றிச் சொல்லிலும் இதே விகுதிதான் இருக்கிறது. தமிழில் "எழு" என்னும் வினையடியோடு "-தல்" சேர்ந்து "எழுதல்" என்னும் தொழிற்பெயர் உருவாவதைப் போல, ஆர்மேனியத்தில் "எழு" என்று பொருள்படும் வினையின் இறந்தகால அடியோடு "-உத்யூன்" சேர்ந்து ஹருத்யூன் பிறந்தது.

அந்த வினை மிகப் பழையது. செவ்வியல் ஆர்மேனியத்தில் அதன் வடிவம் "யார்ணெம்", அதாவது "எழுகிறேன்". எழுதல் என்னும் பொருளுள்ள கிரேக்க, இலத்தீன வினைகளோடு இதற்கு வேர்த்தொடர்பு இருப்பதாக மொழியியலார் ஒப்பிட்டுக் காட்டுகின்றனர். ஆர்மேனியம் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தில் தனிக்கிளையாக நிற்கும் மொழி என்பதால், இத்தகைய ஒப்பீடுகளுக்கு அங்கே மதிப்பு அதிகம். ஆகவே, கிறித்தவம் வருவதற்கு முன்பே மொழியில் இருந்த ஒரு சாதாரண வினை, கிறித்தவம் வந்தபின் அதன் மையமான நம்பிக்கைக்குரிய சொல்லாக உயர்ந்து, பிறகு குழந்தைக்கு இடும் பெயராக வீட்டுக்குள் வந்துவிட்டது என்று புரிந்துகொள்ளலாம்.

பெயரும் சொல்லும் ஒன்றே என்றால், பேச்சில் குழப்பம் வராதா என்று கேட்கத் தோன்றும். அதற்கு மொழியே ஒரு வழி செய்து வைத்திருக்கிறது. "-உத்யூன்" என்று முடியும் சொற்கள் ஆறாம் வேற்றுமையில் "-உத்யான்" என்று மாறும். ஆர்மேனியாவின் தலைநகரான யெரெவானில் சுதந்திரத்தின் பெயரால் அமைந்த பெருஞ்சாலை "அசாத்துத்யான்" சாலை என்று வழங்குவதும் இதனால்தான். அதே முறைப்படி, உயிர்ப்பின் திருநாள் என்று சொல்லும்போது "ஹருத்யான்" என்று வரும். ஆனால் ஹருத்யூன் என்பவருடைய புத்தகம் என்று சொல்லும்போது "ஹருத்யூனி" என்றுதான் சொல்ல வேண்டும். ஒரே சொல், கருத்தைக் குறிக்கும்போது ஒருவிதமாகவும் மனிதரைக் குறிக்கும்போது வேறுவிதமாகவும் வேற்றுமை ஏற்கிறது. ஆர்மேனியக் குழந்தைகள் இதை எவரும் கற்றுக்கொடுக்காமலேயே பழகிக்கொள்கிறார்கள்.

ஆர்மேனிய ஆண்பெயர்களைப் பல அடுக்குகளாகப் பார்ப்பது வழக்கம். திக்ரான், வார்தான், அர்ஷாக் முதலிய பெயர்கள் பழைய ஈரானிய மொழிகளோடு கொண்ட நெடுங்கால உறவின் எச்சங்கள். அரசர்களும் படைத்தலைவர்களும் தாங்கிய பெயர்கள் அவை. ஹோவ்ஹானெஸ், ஹாக்கோப், பெத்ரோஸ் ஆகியவை விவிலியத்தின் வழியாக வந்தவை. நாம் யோவான், யாக்கோபு, பேதுரு என்று அறிந்த பெயர்களின் ஆர்மேனிய வடிவங்கள். இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது அடுக்கு ஒன்று உண்டு. கிறித்தவக் கருத்துகளை வெளிமொழிச் சொல்லால் குறிக்காமல், சொந்த மொழியின் சொற்களால் உருவாக்கிக்கொண்ட பெயர்கள் அதில் அடங்கும். ஹருத்யூன் அந்த அடுக்கைச் சேர்ந்தது.

மரபின்படி 301-ஆம் ஆண்டில் ஆர்மேனிய அரசு கிறித்தவத்தை ஏற்றது. ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின், சுமார் 405-இல், மெஸ்ரோப் மஷ்தோத்ஸ் என்னும் துறவி 36 எழுத்துகள் கொண்ட ஆர்மேனிய அரிச்சுவடியை உருவாக்கினார். உடனடியாக விவிலிய மொழிபெயர்ப்பும் தொடங்கியது. வழிபாடு கிரேக்கத்திலும் சிரியாக்கிலும் நடந்த காலத்தில் மக்களுக்கு எட்டாதிருந்த கருத்துகள், அதன்பின் தாய்மொழியிலேயே காதில் விழுந்தன. கிரேக்கர்கள் உயிர்த்தெழுதலைக் குறிக்கும் "அனஸ்தாசிஸ்" என்னும் சொல்லிலிருந்து ஆண்களுக்கு அனஸ்தாசியோஸ் என்றும் பெண்களுக்கு அனஸ்தாசியா என்றும் பெயரிட்டனர். ஆர்மேனியர்களோ தம் சொல்லையே எடுத்துக்கொண்டனர். ஆர்மேனிய மொழியில் இலக்கணப் பால் கிடையாது. ஆகவே சொல்லின் வடிவம் ஆண் என்றோ பெண் என்றோ எதையும் காட்டுவதில்லை. எனினும் வழக்கில் ஹருத்யூன் ஆண்பெயராகவே நிலைத்துவிட்டது.

இந்த அடுக்கில் இதற்குத் துணையாக நிற்கும் பெயர்களைச் சேர்த்துப் பார்த்தால் மரபு இன்னும் தெளிவாகும். ஹம்பார்த்சூம் என்றால் விண்ணேற்றம். கலூஸ்த் என்றால் வருகை. செல்வந்தராகவும் கலைப்பொருள் சேகரிப்பாளராகவும் உலகப் புகழ்பெற்ற குல்பெங்கியானின் முதற்பெயர் இந்தக் கலூஸ்த்தான். அவெதிஸ் என்றால் நற்செய்தி. கச்சதூர் என்றால் சிலுவை அளித்த கொடை. இசையமைப்பாளர் அராம் கச்சதூரியானின் குடும்பப் பெயரில் அதைக் காணலாம். அஸ்த்வத்சதூர் என்றால் இறைவன் அளித்தவன். திருவழிபாட்டு ஆண்டில் வரும் திருநாள்களே குழந்தைகளின் பெயர்களாகி, ஒரு சிற்றூரின் ஆண்களை வரிசையாக நிற்க வைத்தால் கிறித்தவ நாட்காட்டியே எழுந்து நிற்பதைப் போன்ற ஒரு நிலை இதனால் உண்டாயிற்று. தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர்களிடையே சகாயம், ஆரோக்கியம், வியாகுலம் என்று கருத்துப் பெயர்களையே மனிதர்களுக்கு இடும் வழக்கத்தை அறிந்த நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

ஈஸ்டரை ஆர்மேனியர்கள் "சத்திக்" என்று அழைக்கின்றனர். திருச்சபை வழக்கில் அது திரு உயிர்ப்பின் நாள், அதாவது "சூர்ப் ஹருத்யூன்". வெங்காயத் தோலை இட்டு வேகவைத்துச் சிவப்பேற்றிய முட்டைகளும், உலர்ந்த திராட்சை சேர்த்த அரிசிப் பிலாவும், மீனும் அன்றைய மேசையில் இருக்கும். காலையில் சந்தித்துக்கொள்ளும் இருவரில் ஒருவர் "கிறிஸ்தோஸ் ஹர்யாவ் இ மெரெலோத்ஸ்" என்பார். கிறிஸ்து இறந்தோரிடமிருந்து எழுந்தார் என்பது அதன் பொருள். மற்றவர் "ஓர்ஹ்ன்யால் எ ஹருத்யூனன் கிறிஸ்தோசி", அதாவது கிறிஸ்துவின் உயிர்த்தெழுதல் வாழ்த்தப்பெறுவதாக, என்று மறுமொழி சொல்வார். முதல் வாக்கியத்தில் வரும் "ஹர்யாவ்" என்பது நாம் மேலே கண்ட அதே வினையின் இறந்தகால வடிவம். இரண்டாம் வாக்கியத்தில் பெயரே முழுமையாக வந்துவிடுகிறது. அந்த நாளில் ஹருத்யூன் என்னும் பெயருடைய ஒரு சிறுவன், தன் பெயரை ஊரார் அனைவரும் மாறி மாறிச் சொல்வதைக் கேட்டு வளர்கிறான். ஒரு பெயரின் பொருளைக் குழந்தைக்கு உணர்த்த இதைவிட இனிய வழி இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மனிதர்களுக்கு மட்டுமன்றித் தேவாலயங்களுக்கும் இப்பெயர் உண்டு. எருசலேமில் இயேசுவின் கல்லறை இருந்த இடத்தில் எழுந்த பேராலயத்தை உலகத்தில் பலரும் திருக்கல்லறை ஆலயம் என்று அழைக்க, ஆர்மேனியர்கள் அதை உயிர்ப்பு ஆலயம் என்று பொருள்படுமாறு "சூர்ப் ஹருத்யான்" ஆலயம் என்கின்றனர். நமக்கு அருகில், வங்காளதேசத்தின் டாக்கா நகரில் ஆர்மானிதோலா என்னும் பகுதியில் 1781-இல் கட்டப்பட்ட ஆர்மேனியத் தேவாலயமும் திரு உயிர்ப்பின் பெயரையே தாங்குகிறது.

எழுத்தில் இந்தப் பெயர் கண்ட மாற்றத்தையும் தொடக்கநிலை வாசகர் அறிந்திருப்பது பயன்படும். பழைய ஆர்மேனியத்தில் இதன் முதலெழுத்து "யகர" ஒலியைக் குறித்த எழுத்து. "யாருத்யூன்" என்பது போல ஒலித்தது. காலப்போக்கில் சொல்லின் முதலில் வரும் அந்த ஒலி "ஹகர"மாக மாறிவிட்டது. ஆனால் எழுத்து மாறவில்லை. சோவியத் ஆர்மேனியாவில் 1922-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோதுதான், ஒலிக்கேற்றவாறு "ஹோ" என்னும் வேறு எழுத்தைக் கொண்டு எழுதத் தொடங்கினர். அந்தச் சீர்திருத்தத்தை ஏற்காத புலம்பெயர் ஆர்மேனியர்கள் இன்றும் பழைய முறையிலேயே எழுதுகின்றனர். இதனால் பழைய அகராதியில் ஒரு பக்கத்திலும், யெரெவானில் அச்சான புதிய அகராதியில் வேறு பக்கத்திலும் இதே பெயரைத் தேட வேண்டியிருக்கிறது. ஆர்மேனிய ஆட்பெயர்களைப் பற்றி 1942 முதல் 1962 வரை ஐந்து தொகுதிகளாக வெளிவந்த பேரகராதியைத் தொகுத்த ஹ்ராச்யா அச்சாரியான் போன்ற அறிஞர்களின் உழைப்பு, இத்தகைய சிக்கல்களுக்கு இடையே வழிகாட்டும் விளக்காக இருக்கிறது.

வாய்மொழியில் பெயர் கண்ட மாற்றங்கள் இன்னும் வளமானவை. வீட்டில் "ஹருத்" என்றும் "ஹரோ" என்றும் சுருக்கி அழைப்பார்கள். உதுமானியப் பேரரசின் நகரங்களில் முதலிலுள்ள ஹகரம் உதிர்ந்து, நடு அசையும் குறுகி, "ஆர்த்தின்" என்றானது. ருஷ்ய மொழியில் ஹகரத்துக்குச் சரியான எழுத்து இல்லாததால் "அருத்யூன்" ஆனது. இன்னாரின் குடியைச் சேர்ந்தவர் என்று காட்டும் "-யான்" என்னும் ஒட்டைச் சேர்த்தால் ஹருத்யூன்யான் என்னும் குடும்பப் பெயர் கிடைக்கிறது. ஆர்மேனியாவில் மிகப் பரவலான குடும்பப் பெயர்களுள் அது ஒன்று. ருஷ்ய ஒட்டு ஏறினால் அருத்யூனோவ். ஆர்த்தினோடு சேர்ந்தால் ஆர்த்தினியான். இந்தியாவுக்கு வணிகம் செய்ய வந்த ஆர்மேனியர்கள் ஆங்கில ஆவணங்களில் எழுதிக்கொண்ட வடிவம் "அராத்தூன்". இத்தனை வடிவங்களையும் ஒரே பெயர் என்று தெரிந்துகொண்டால், ஒரு கல்லறைக் கல்லையோ பழைய கப்பல் பதிவையோ படிக்கும்போது அதற்குள் இருக்கும் மனிதரின் ஊரும் வழியும் ஓரளவு புலப்பட்டுவிடும்.

பேரனுக்குத் தந்தைவழிப் பாட்டனின் பெயரை இடும் வழக்கம் ஆர்மேனியக் குடும்பங்களில் வேரூன்றியது. ஆகையால் ஒரு பெயர் ஒரு தலைமுறை விட்டு மறு தலைமுறையில் திரும்பி வரும். உயிர்த்தெழுதல் என்னும் பொருளுள்ள ஒரு பெயர், இறந்த பாட்டனிடமிருந்து பிறந்த பேரனிடம் சேர்வதில் உள்ள பொருத்தத்தை அக்குடும்பங்கள் உணராமல் இருந்திருக்க முடியாது.

இப்பெயரைத் தாங்கியோரில் மிகப் புகழ்பெற்றவர் வேறொரு பெயரால் அறியப்படுகிறார். காக்கேசிய நாடுகளின் பெரும் பாணர் சாயத்-நோவாவுக்குத் திருமுழுக்கில் இட்ட பெயர் ஹருத்யூன். ஜார்ஜியாவின் திபிலிசி நகரோடு பிணைந்த வாழ்வுடைய அவர், கமான்ச்சா என்னும் நரம்பிசைக் கருவியை இசைத்து, ஆர்மேனியம், ஜார்ஜியம், அஸெரித் துருக்கி ஆகிய மூன்று மொழிகளிலும் பாடல் புனைந்தார். ஜார்ஜிய அரசர் இரண்டாம் எரெக்ளேயின் அவையில் பாணராக விளங்கியவர், அவையிலிருந்து நீக்கப்பட்ட பின் குருவானார். 1795-இல் பாரசீகத்தின் ஆகா முகம்மது கானின் படை திபிலிசியைச் சூறையாடியபோது அவர் கொல்லப்பட்டார். அந்நகரின் ஆர்மேனியத் தேவாலயமான புனித கெவோர்க் ஆலயத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது.

இஸ்தான்புலில் 1771-இல் பிறந்த ஹருத்யூன் பெஸ்ஜியானை மக்கள் கசாஸ் ஆர்த்தின் என்றே அழைத்தனர். கசாஸ் என்பது பட்டு வணிகத்தைக் குறிக்கும் துருக்கிச் சொல். நாணயச்சாலையின் பொறுப்பாளராகவும் சுல்தான் இரண்டாம் மகமூதின் நம்பிக்கைக்குரியவராகவும் உயர்ந்த அவர், தம் சமூகத்துக்கென ஒரு மருத்துவமனை அமைய அரசின் அனுமதியைப் பெற்றுத் தந்தார். சூர்ப் ப்ர்கிச் என்னும் அந்த மருத்துவமனை 1834-இல் திறக்கப்பட்டது. அதே ஆண்டின் தொடக்கத்திலேயே அவர் மறைந்துவிட்டார். மருத்துவமனை இன்றும் இயங்குகிறது.

ஓவியர் ஹருத்யூன் கலென்த்ஸின் வாழ்க்கையை நினைக்கும்போது பெயரின் பொருள் கனத்துவிடுகிறது. இன்றைய துருக்கியிலுள்ள அனத்தோலியாவின் குருன் என்னும் ஊரில் 1910-இல் பிறந்தவர் அவர். 1915-இல் தொடங்கிய ஆர்மேனிய இனப்படுகொலையில் பெற்றோரை இழந்து, அலெப்போவில் அநாதை இல்லத்தில் வளர்ந்து, லெபனானில் ஓவியராகி, 1946-இல் சோவியத் ஆர்மேனியாவுக்குக் குடிபெயர்ந்தார். 1967-இல் யெரெவானில் மறைந்தார். அவருடைய ஓவியங்களின் ஒளிமிக்க வண்ணங்களைப் பார்ப்பவருக்கு, அக்குழந்தைக்குப் பெயரிட்டவர்கள் என்ன ஆனார்கள் என்ற நினைவும் கூடவே வந்து நிற்கும்.

இந்தியாவில் இப்பெயர் கடலிலும் கட்டடங்களிலும் பதிந்தது. கல்கத்தாவின் ஆப்கார் நிறுவனத்தை நிறுவியவர் அராத்தூன் ஆப்கார். அவர் பெயரால் அழைக்கப்பட்ட நீராவிக் கப்பல் 1878-இல் புளோரிடாக் கடற்கரைக்கு அப்பால், ஃபோவி பாறைகளில் கலங்கரைவிளக்கம் கட்டப்பட்டுக்கொண்டிருந்த இடத்துக்கு அருகிலேயே தட்டி உடைந்தது. கல்கத்தாவின் கிராண்ட் ஓட்டலை எழுப்பியவர் அராத்தூன் ஸ்டீபன்.

ஆனால் தமிழ் வாசகர் அறிய வேண்டிய ஹருத்யூன், சென்னை மண்ணில் உறங்குகிறார். ஹருத்யூன் ஷ்மாவோன்யான் 1750-இல் பாரசீகத்தின் ஷிராஸ் நகரில் பிறந்து குருவானவர். ஒரே வாரத்தில் தம் இரு மகன்களையும் பறிகொடுத்து, அந்தத் துயரில் சில ஆண்டுகள் உலகைவிட்டு ஒதுங்கியிருந்து, பாரசீக மொழியைக் கற்றார் என்று அவரைப் பற்றிய வரலாறுகள் கூறுகின்றன. பின்னர் மதராசுக்கு வந்து, இங்கிருந்த ஆர்மேனிய வணிகச் சமூகத்தின் குருவாகப் பல பத்தாண்டுகள் பணியாற்றினார். அச்சகம் ஒன்றையும் நிறுவினார். அந்த அச்சகத்திலிருந்து 1794 அக்டோபரில் "அஸ்தரார்" என்னும் திங்களிதழ் வெளிவந்தது. உலகில் ஆர்மேனிய மொழியில் வெளியான முதல் இதழ் அதுவே. பெயருக்கு அறிவிப்போன் என்று பொருள் கொள்ளலாம். வணிகச் செய்திகளும், துறைமுகத்துக்கு வந்துபோகும் கப்பல்களின் விவரமும், ஆர்மேனியர் வாழும் தூர நாடுகளின் செய்திகளும் அதில் இடம்பெற்றன. 1796 வரை 18 இதழ்களே வெளிவந்தன. ஆர்மேனியாவில் அச்சிதழ் எதுவும் இல்லாத காலத்தில், வங்கக் கடலோரத்து ஊர் ஒன்றில் அம்மொழியின் இதழியல் பிறந்தது என்பதைச் சென்னையில் வாழ்வோர் இன்னும் அதிகமாக அறிந்திருக்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

1824-இல் மறைந்த அவர், 1772-இல் கட்டப்பட்ட புனித மரியாள் ஆர்மேனியத் தேவாலயத்தின் வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். அத்தேவாலயம் இருக்கும் ஜார்ஜ் டவுன் தெருவுக்கு ஆர்மேனியன் தெரு என்று பெயர்; சென்னை மக்களின் நாவில் அது அரண்மனைக்காரன் தெருவாகிவிட்டது. ஹருத்யூன் ஓரிடத்தில் ஆர்த்தினாகவும் மற்றோரிடத்தில் அராத்தூனாகவும் உருமாறியதைப் போலவே, ஆர்மேனியன் என்னும் அயற்சொல்லும் நம்மவர் வாயில் நமக்குத் தெரிந்த சொல்லாக வடிவெடுத்தது. இன்று அங்கே கூடி வழிபட ஆர்மேனியச் சபையார் இல்லை. தேவாலயத்தைக் கொல்கத்தாவிலுள்ள ஆர்மேனியத் திருச்சபைக் குழுவினர் பராமரித்துவருகின்றனர். முற்றத்தில் நடப்பவர்களின் காலடிக்கு இணையாகத் தரையில் பதிந்திருக்கும் கல்லறைக் கற்களுக்கு நடுவே, தம் பெயருக்கு உயிர்த்தெழுதல் என்று பொருள்கொண்ட அந்தக் குருவின் கல்லறையும் இருக்கிறது.